பல் செட்டும் மற்ற செட்டுகளும்

"செட் ஆகல" என்று அவர் நான்காவது முறையாகச் சொன்னபோது, பல்லுக்காரி கையிலிருந்த மெழுகுக் கத்தியை மேசைமேல் வைத்தாள். எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதினாறு வருடம் கையில் பழகிய கத்தி என்பதால் அந்த எறிதலிலும் கொஞ்சம் பதவிசு இருந்தது.

பல் செட் செய்வது அவள் தொழில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அச்சு மாவு கலந்து வார்த்து, மெழுகு உருக்கி, பல் அடுக்கி, வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லுக்காரி அக்கா. அந்த முன்னறையில் ஒரு நாளைக்கு 'செட்' என்ற சொல் எத்தனை முறை புழங்குகிறது என்று எண்ண ஆரம்பித்தால் பைத்தியம் பிடித்துவிடும். கலந்த மாவு செட் ஆக வேண்டும். ஆனபிறகு அதன்மேல் பல்லை செட் பண்ண வேண்டும். அட்டையில் ஒட்டி வரும் பற்கள் ஒரு செட், அவற்றைப் பிடுங்கி அடுக்கும் கருவிகள் ஒரு செட், எல்லாம் முடிந்து டப்பாவில் ஏறிப் போவதும் செட். போனது திரும்பி வந்தால் 'அக்கா, அந்த செட் செட் ஆகலையாம்' என்று டாக்டரம்மாவின் உதவிப்பெண் போனில் சொல்வாள். சொல்கிறவளுக்கு அதில் ஒரு சங்கடமும் கிடையாது.

முன்னறையை விட்டு எழுந்து போனாலும் அது பின்னாலேயே வரும். அவளுடைய சொந்த அக்கா போன் செய்து தன் மகளுக்கு மாப்பிள்ளை செட் ஆகிவிட்டது என்றாள். மறுவாரம் செட் ஆகவில்லை என்றாள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அதற்கும் அதே சொல்தான். வெளியூரில் படிக்கும் பல்லுக்காரியின் மகளுக்கு முதல் மாதம் விடுதி செட் ஆகவில்லை, இரண்டாம் மாதம் தோழிகள் செட் ஒன்று கிடைத்துவிட்டதால் எல்லாம் செட். பக்கத்து வீட்டில் சோபா செட் வாங்கினார்கள், அது அவர்கள் கூடத்துக்கு செட் ஆகவில்லை. வீட்டுக்காரருக்கோ மாலை ஆனால் டீக்கடையில் ஒரு செட் உண்டு. அலாரம், அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் செட் பண்ணிவிட்டுத்தான் மனுஷர்கள் தூங்கப் போகிறார்கள். இத்தனை இடத்துக்கும் இந்த ஒரே சொல் போய் வேலை பார்த்தால் அது எந்த இடத்தில்தான் உருப்படியாகப் பார்க்கும் என்பது பல்லுக்காரியின் கேள்வி. ஊரான் வீட்டுப் பாத்திரத்தில் எதையும் போட்டு வைக்கலாம் என்கிற மாதிரி, வாய்க்கு வந்ததையெல்லாம் அதில் போட்டு நீட்டுகிறார்கள். வாங்குகிறவள்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டும்.

இப்போது அதை நீட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர். அவரைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் 'மைக்' என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே அறிவிப்பாளர். பயணிகளின் கவனத்திற்கு என்று அவர் ஆரம்பித்தால் பயணிகள் மட்டுமல்ல, பெஞ்சுக்கடியில் படுத்திருக்கும் நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். குரல் அப்படி. வீட்டில் அந்தக் குரல் வருவதில்லை. வீட்டில் அவர் பேசுவதே அபூர்வம். வேலை நேரம் முடிந்துவிட்டது என்று வாயும் நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ஈறு பழுதாகி மேல் வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தபோது, மிச்சத்தையும் எடுத்துவிட்டு முழு செட்டாக மாட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. பல்லுக்காரி ஒரு மாதம் வேறு வேலை வாங்காமல் அதைச் செய்தாள். ஈறின் நிறத்தைக்கூட அவருடைய உதட்டோடு வைத்துப் பார்த்துக் கலந்தாள். அவள் கையிலிருந்து போன எத்தனையோ வாய்களில் இதுதான் ஒன்றாம் நம்பர் என்று அவளுக்கே தெரியும். டாக்டரம்மா மாட்டிப் பார்த்துவிட்டு, பிடிப்பு பிரமாதம் என்றார்.

அதைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போன முதல் நாள் காலையிலேயே வினை வந்தது. துறைமுகம் வழியாகச் செல்லும் பேருந்து என்று அவர் மைக்கில் சொல்ல, அந்தச் 'செல்லும்' என்ற இடத்தில் ஒரு சீழ்க்கை கிளம்பியது. சன்னமான சீழ்க்கை இல்லை. ஒலிபெருக்கி அதை நடத்துநரின் விசிலாக்கி ஊருக்கே ஊதிவிட்டது. நான்காவது நடைமேடையில் நின்ற ஓட்டுநர் அதை நம்பி வண்டியை எடுத்துவிட்டார். பாதிப் பயணிகள் உள்ளே, பாதிப் பேர் கீழே, ஒரு அம்மாவின் பெட்டி உள்ளே, அம்மா கீழே. யாருக்கும் அடிபடவில்லை என்பது ஒன்றுதான் மிச்சம். நிலைய அதிகாரி அன்றைக்கே அவரை மைக்கிலிருந்து எடுத்து விசாரணைச் சன்னலில் உட்கார வைத்தார். மாதக் கடைசிக்குள் பேச்சு சரியானால் பழைய இடம். ஆகாவிட்டால் பதிவு செய்த குரலில் பேசும் இயந்திரம் வந்துவிடும், அதை ஏற்கெனவே சோதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அன்றிலிருந்து பல்லுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். பல் பதித்த தட்டை ஓரத்தில் ராவினாள், அண்ணத்தில் மெலிதாக்கினாள், கடிக்கும் இடத்தில் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே புள்ளி விழுகிறது என்று பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் மாட்டிக்கொண்டு, உதட்டை ஒருமுறை மூடித் திறந்து, அதே இரண்டு சொல்லைச் சொன்னார். அந்தச் 'செ' வரும்போது கூடவே ஒரு ஊதல் வந்தது.

"செட் ஆகலன்னா என்னங்க அர்த்தம்? வலிக்குதா, ஆடுதா, இடிக்குதா, குமட்டுதா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். வலியில்லை, ஆடவில்லை என்றார். பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில், "என்னமோ செட் ஆகல" என்றார். அது ஐந்தாவது.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இனிமேல் இந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று ஒரே போடாகப் போட்டாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார். எதற்கும் தலையாட்டிவிட்டு எழுந்து போவது அவர் வழக்கம். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

சட்டம் போட்டவள்தான் முதலில் மாட்டிக்கொண்டாள். அரைமணி நேரத்துக்குள் உதவிப்பெண் போன் செய்து வேறொரு நோயாளியின் அச்சு எப்போது தயாராகும் என்று கேட்டாள். மாவு இன்னும் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றாள் பல்லுக்காரி. இறுகவில்லை என்றாள். முடிந்த செட்டையாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, முடிந்த மேல் வரிசையைக் கொடுத்தனுப்புகிறேன் என்று பதில் போனது. உடம்பு சரியில்லையா அக்கா என்று அக்கறையாகக் கேட்டாள் அந்தப் பெண். மாலையில் மகள் போன் செய்து மூச்சுக்கு மூன்று தரம் அந்தச் சொல்லைச் சொன்னாள். அப்பா பல் எப்படி இருக்கும்மா, செட் ஆச்சா என்று கடைசியில் கேட்கவும் செய்தாள். பல்லுக்காரி போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, "ம்" என்றார். அப்புறம் "ம்ம்" என்றார். மகளுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு நாள் வீடு வாய்பேசாமல் கிடந்தது. அந்தச் சொல் இல்லாமல் அவருக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது போலிருந்தது. அவளும் தன் மேசையை விட்டு எழவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பல்லுக்காரி அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய பழைய மேல் வரிசையில், வலப்பக்கம் இரண்டாவது பல் கோணல். சும்மா கோணல் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மேல் தூங்கி விழுகிறவர் மாதிரி, முன் பல்லின் தோளில் தலையைச் சாய்த்து, ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். பல் வேலைக்கு அவள் அப்போது வந்திருக்கவில்லை. வந்த பிறகு அந்தப் பல் அவளைத் தினம் தினம் கேலி செய்தது. ஊரார் வாயையெல்லாம் சீராக்குகிறவளின் சொந்த வீட்டில் இப்படி ஒன்று. புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள். விருந்தாளிகள் முன்னால் அதை வைத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கையால் வாயை மறைத்துக்கொண்டு. பதினாறு வருடம் அப்படியே ஓடியது.

பற்களை எடுப்பதற்கு முன் டாக்டரம்மா பழைய வரிசையை அப்படியே அச்செடுத்து அனுப்பியிருந்தார். கூடவே வேலைச் சீட்டில் ஒரு வரி: பழைய அமைப்பே இருக்கட்டும், அவர் பேசிப் பிழைக்கிறவர். பல்லுக்காரி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு வலப்பக்கம் இரண்டாவது பல்லை நேராக வைத்தாள். டாக்டரம்மா மாட்டிப் பார்க்கும்போது புருவத்தை உயர்த்தினார். அவரேதான் நேராக வைக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்தப் பல் எங்கே என்பது போல் திரும்பியபோது, டாக்டரம்மா இப்படித்தான் வைக்கச் சொன்னாங்க என்றாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறவள் அவள் ஒருத்திதான். இரண்டு பேரும் நம்பினார்கள். பழைய அச்சை அலமாரியில் வைத்திருக்கலாம். அதையும் வைக்கவில்லை. உடைந்த மற்ற அச்சுகளோடு சாக்கில் கட்டி, தெருமுனையில் தோண்டிக் கிடந்த பள்ளத்தை நிரப்பக் கொடுத்துவிட்டாள். இப்போது அதன்மேல் சைக்கிள்கள் போய்வருகின்றன.

சீழ்க்கை ஏன் வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். முதல் நாளே உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு ஓரத்தை ராவிக்கொண்டிருந்தாள். தன் வேலையில் பிசகு என்று அவள் பதினாறு வருடத்தில் ஒப்புக்கொண்டதே கிடையாது. திரும்பி வந்ததெல்லாம் டாக்டர்கள் எடுத்த அச்சின் கோளாறு. ஒரு அச்சுக்கும் வாய் இல்லாததால் அது இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, நோயாளிகள் யாராவது வந்தால் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்காருவதே இல்லை.

"நீ கேட்டல்ல, என்னன்னு. ரெண்டு நாளா யோசிச்சேன்" என்றார். ஊதல் வரும் சொற்களைத் தள்ளித் தள்ளிப் பேசினார். "கண்ணாடியில பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள நாக்கு இருக்கே, அது யாரோ தெரியாதவங்க வீட்டுக்கு வந்த மாதிரி நிக்குது. எங்க உக்காரணும்னு அதுக்குத் தெரியல. நின்னுக்கிட்டே பேசுது."

இத்தனை நாளும் பல்லுக்காரி கேட்டது இதைத்தான். வந்தபோது வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். இனி நீ ராவி ராவிக் கஷ்டப்பட வேண்டாம் என்றார். விசாரணைச் சன்னலிலேயே இருந்துகொள்கிறேன், இயந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று நேற்று சாயங்காலம் அதிகாரியிடம் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இன்றைக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுமாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஐந்தாவது நடைமேடை வண்டி ரத்து என்று சொல்கிற மாதிரி.

"எதுக்குங்க என்னைக் கேக்காம குடுத்தீங்க?"

"என் வாய்க்கு வயசாயிடுச்சும்மா. அதுக்கு நீ என்ன பண்ணுவ."

அவர் மட்டும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் அவள் சண்டை போட்டே தப்பித்திருப்பாள். குறை சொல்லியிருந்தால் டாக்டரம்மாமேல் போட்டிருப்பாள். வயசாகிவிட்டது என்று தன் வாயை அவர் விட்டுக்கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நெஞ்சுக்குள் இருந்தது தானாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க வாய் நல்லாத்தான் இருக்கு. டாக்டரம்மா பழையபடியே வைக்கச் சொன்னாங்க. நான்தான் அந்தப் பல்லை நேரா வச்சேன். அவங்ககிட்ட நீங்க கேட்டீங்கன்னு பொய் சொன்னேன், உங்ககிட்ட அவங்க சொன்னாங்கன்னு பொய் சொன்னேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வாய்க்குள் விரலை விட்டு மேல் வரிசையைக் கழற்றினார். அதை அவள் மேசைமேல், கருவிகளுக்கு நடுவில், அலுங்காமல் வைத்தார். மேலுதடு உள்ளே மடிந்து, ஒரு நிமிடத்தில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார்.

"அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?" என்று கேட்டார். பல் இல்லாத வாயில் சொற்கள் குழைந்தன. ஆனால் ஊதல் இல்லை.

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பதினாறு வருடமாக விருந்தாளிகள் முன்னால் சிரித்ததெல்லாம் அந்த 'இல்லை'யின் குறுக்கே வந்து நின்றது. அவர் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல்லுக்காரி கதவைத் தட்டலாமா என்று நின்றாள். தட்டி என்ன சொல்வது? பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், கடிதம் இன்னும் நிலையத்தில்தான் இருக்கும். மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கையில் மாவோடு தெருவில் இறங்கிப் பேருந்தைப் பிடித்தாள். போகிற வழியெல்லாம் அவர்மேல்தான் கோபம் வந்தது. கேட்டுத் தொலைத்திருக்கலாமே, என் பல் எங்கே என்று ஒரு முறை சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே, இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் சத்தமாகச் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு வீட்டில் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லையே என்று. பாதி வழியில் அந்தக் கோபத்துக்கும் கால் ஓய்ந்துவிட்டது. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடச் சொல்லியிருப்பாள்.

பேருந்து நிலையத்தில் இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. சுத்தமான பெண் குரல். ஏழாவது நடைமேடை என்று அது சொல்வதற்குள் ஏழுக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சுக்கடியில் நாய் தூங்கியது.

நிலைய அதிகாரி கறாரான ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. மேசையைச் சுற்றி இரண்டு குமாஸ்தாக்கள், வாசலில் விடுப்புக் கேட்டு நிற்கும் ஒரு ஓட்டுநர். தபால் பை மூன்று மணிக்குப் போகும், கடிதம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றார். ஆனால் எழுதிக் கொடுத்ததை வாய்வார்த்தையில் திருப்பி வாங்க முடியாது. அதுவும் எழுதியவர் வராமல், அவர் வீட்டுக்காரம்மா வந்து கேட்டு. காரணம் எழுத்தில் வேண்டும். பேச்சு சரியாகும் என்பதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று கேட்டபடியே கடிதத்தை எடுத்து அவள் முன் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்காரருடைய கையெழுத்து, கோடு போட்ட மாதிரி. நான்கே வரிதான். மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: பல் செட்டில் குறை ஏதுமில்லை, அதைச் செய்தவர் கைதேர்ந்தவர், என் வாய்தான் அதற்குப் பழகவில்லை.

அதைப் படித்ததும் பல்லுக்காரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அதைச் செய்தவர் யார் என்று எழுதவில்லை. மனைவி என்று எழுதவில்லை. அவள் தொழிலுக்கு ஒரு கீறல்கூட விழாமல், எல்லாவற்றையும் தன் வாய்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். சன்னலில் உட்கார்ந்து பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்களுக்கு விரலைக் காட்டிக்கொண்டே ஓய்வு பெற்றுவிடலாம் என்று.

"ஒரு தாள் குடுங்க சார்" என்றாள்.

குமாஸ்தா கொடுத்தார். அவள் நின்றுகொண்டே எழுதினாள். மாவு ஒட்டிய விரல் தாளில் வெள்ளை வெள்ளையாகப் பதிந்தது. அதிகாரி முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுதி முடித்ததை அவரிடம் நீட்டினாள். அவர் எதையும் சத்தமாகப் படிக்கிற பழக்கமுள்ளவர். ஓட்டுநர், குமாஸ்தாக்கள் எல்லோரும் கேட்கும்படி படித்தார்:

"பல் செட்டைச் செய்தவள் நான். பல்லைப் பழையபடி வைக்கும்படி மருத்துவர் எழுதியிருந்ததை மீறி, அணிபவரையும் கேட்காமல், என் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தேன். பிசகு என்னுடையது. அவர் வாயில் குறை எதுவும் இல்லை."

படித்து முடித்துவிட்டு அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். ஓட்டுநர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பல்லுக்காரிக்குக் காது இரண்டும் எரிந்தன. பதினாறு வருடத்தில் ஒரு டாக்டரிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத நான்கு பேருக்கு நடுவில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அழுகை வருமோ என்று பயந்தாள். வரவில்லை. வெறும் எரிச்சல்தான் வந்தது, தன்மேல்.

வெள்ளிக்கிழமை வந்து மைக்கில் பேசட்டும் என்றார் அதிகாரி. சுத்தமாக இருந்தால் பழைய இடம், இல்லையென்றால் இரண்டு கடிதத்தையும் சேர்த்தே அனுப்புவேன் என்று சொல்லி, வீட்டுக்காரர் எழுதியதையும் அவள் எழுதியதையும் ஒரே கோப்பில் செருகினார்.

வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. அவர் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவள் சொன்னாள். எழுதியதை வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டார். தலையாட்டவில்லை. அவர் தலையாட்டாமல் இருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் டீக்கடைக்கும் போகவில்லை. பல்லுக்காரி முன்னறையில் அவர் ஈறின் அச்சுமேல் புதிதாக மெழுகுத் தட்டு வார்த்து, மற்றப் பற்களையெல்லாம் அடுக்கி முடித்து, வலப்பக்கம் இரண்டாவது இடத்தை மட்டும் காலியாக வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். வருவாரோ மாட்டாரோ என்றிருந்தது. வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய அச்சைத் தொலைச்சுட்டேன்" என்றாள். பள்ளத்தில் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள். "அது எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்ற மாதிரி வைக்கிறேன்."

அவர் குனிந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

"நான் என்னைக்கு அதைப் பாத்தேன்?" என்றார். குரலில் கோபம் இருந்தது, இப்போதுதான் வெளியே வந்திருந்தது. "சிரிக்கிறப்பகூடக் கையை வச்சு மறைச்சுக்குவேன். அப்பெல்லாம் கண்ணாடி முன்னால வாயைத் திறந்ததே கிடையாது. நீதான் தினமும் பாத்த. நீயே வை."

அவள் பல்லை எடுத்தாள். மெழுகைச் சூடாக்கி அந்த இடத்தில் ஊன்றினாள். தோளில் சாய்த்தாள், ஓரத்தை உள்ளே திருப்பினாள், கீழ்நுனியைப் பக்கத்துப் பல்லைவிட ஒரு நூல் உயர்த்தினாள். கை எங்கும் தயங்கவில்லை. இத்தனை துல்லியமாக அது தனக்குள் இருந்திருக்கிறது என்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது. வேறு எதையுமே அவரிடம் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது, அது வலித்தது.

மெழுகைக் குளிர்ந்த நீரில் காட்டி அவரிடம் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டார். உதட்டை மூடித் திறந்தார். நாக்கு உள்ளே எதையோ தேடிப் போவதும், அங்கே நிற்பதும் கன்னத்தில் தெரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் ஒருநாளும் வராத குரல் வந்தது.

"பயணிகளின் கவனத்திற்கு. துறைமுகம் வழியாகச் செல்லும் பேருந்து, நான்காவது நடைமேடையிலிருந்து, இன்னும் சற்று நேரத்தில் செல்லும்."

ஒரு ஊதல் இல்லை. ஒரு பிசிறு இல்லை. பல்லுக்காரி மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்து அவர் வாயைப் பார்த்தாள். பல் பழையதைவிட ஒரு மயிரிழை கூடுதலாகச் சாய்ந்துவிட்டதோ என்று பட்டது. இலேசாக நிமிர்த்தினால் பார்வைக்கு இன்னும் நன்றாக இருக்கும். கத்தி கையில்தான் இருந்தது, சூடாகவும் இருந்தது. அவர் நிறுத்தாமல் அடுத்த அறிவிப்பைச் சொல்ல ஆரம்பித்தார், பிறகு அதற்கடுத்ததை. காலை முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை ஒவ்வொன்றாக, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. அதற்குமேல் அவள் மெழுகில் கை வைக்கவில்லை.